ஏழ்மதகு நாட்டுக்குப் பேர் வைத்த சித்ரகலா

நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனியில் சித்ரகலா ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறாள். அவள் தைத்துத் தள்ளுகிற பீஸ்களைப் பிரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் ஒதுக்கி வைக்கிற செக்கிங் வேலை எனக்கு. அவள் முதுகுக்குப் பின்னால்தான் என் மேஜை. அவள் பேசாமல் இருந்தால் கதையை யோசிக்கிறாள் என்று அர்த்தம். அப்படி யோசிக்கிற நேரத்தில்கூட அவள் கையில் தையல் கோணாது. அது முருகன் அவளுக்குக் கொடுத்த கை.

அவள் செல்போனில் கதை எழுதுகிறாள். ராஜா காலத்துக் கதை. ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற எந்த ராஜாவும் அதில் இல்லை. நாடும் அவளே உண்டாக்கியது, ஆறும் கோட்டையும் அவளே உண்டாக்கியது. ஆளைப் பார்த்து வழிவிடுகிற காடு ஒன்று வரும். பாறைக்குள்ளிருந்து பேசுகிற தண்ணீர் வரும். குதிரை, வாள், கொத்தளம், சிறைச்சாலை எல்லாம் வரும். கதை படிக்கிற ஒரு ஆப்பில் வாரம் ஒரு பகுதி போடுவாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டுக் கீழே நாலு வரி எழுதுவார்கள். அவள் வீட்டுக்காரர் செந்தில்வேல் பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் கம்பெனியில் இருக்கிறார். "இவளுக்கு அது ஒரு சந்தோசமுங்க, பண்ணிட்டுப் போறா" என்று சொல்கிற மனுஷர். அவர் பக்கம் தொந்தரவே இல்லை.

தொந்தரவு வந்தது அவள் அம்மாவிடமிருந்து.

அம்மா மயிலாத்தாள் குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்க் கோயில் நோம்பிக்கு மகள் வந்தபோது, மூலையில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டும் தானாகச் சிரித்துக்கொண்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்து, "உம்பட மக ஆரு கூடயோ ஓயாம எழுதிப் பேசறாளே" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டாள். அது போதும் அல்லவா. கதை எழுதுகிறேன் என்று மகள் சொன்னதை அம்மா நம்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து மருமகனுக்கே போன் பண்ணி, "அவகிட்ட இருந்து அந்தப் போனை வாங்கி வெச்சுக்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

செந்தில்வேல் அதைச் சிரித்துக்கொண்டேதான் மனைவியிடம் சொன்னார். ஆனால் சித்ரகலா மறுநாள் கம்பெனிக்கு வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"ஊரு ஆயிரம் பேசட்டுங்க்கா. எம்பட அம்மா என்னைய அப்படி நெனைச்சுப் போச்சே. ஒரே ஒரு வாட்டி அது எங்கதையை முழுசாக் கேட்டு, ஆமா இது கதைதான்னு சொல்லோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க."

"கேட்க வைக்கலாம் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை போலாம், நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க வந்தாத் தேவலைங்க்கா. நீங்க கிருத்திகை தவறாம விரதம் இருக்கறவங்க. நீங்க சொன்னா அம்மா நம்பும்."

அவள் கதையில் பேர் வைத்த விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எழுத ஆரம்பித்த புதிதில் எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் அடுக்கியிருக்கிற அட்டைப்பெட்டிகளைப் பார்த்துத்தான் பேர் எடுத்தாள். பனியன் பெட்டி மேல் சிங்கம், கிரீடம், வாள் எல்லாம் போட்டு ஏதாவது ஒரு கம்பீரமான பேர் இருக்கும். அவள் ராஜாக்களெல்லாம் அந்த மாதிரியே இருந்தார்கள். படித்தவர் ஒருவர், "இவரு அரசரா, அரைக்கை பனியனா? காதர்பேட்டைப் பனியன் சந்தையில டஜன் என்ன விலை?" என்று கீழே எழுதிவிட்டார். அன்றைக்குப் பூராவும் பேசாமல் தைத்தாள். பிறகு எல்லாப் பேரையும் மாற்றினாள். வீரமான பேராக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் வேங்கை, வேழம், வேந்தன் என்றே வைத்தாள். படிக்கிறவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சரியாகப் போயிற்று என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூர் போனோம். மயிலாத்தாள் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், காப்பித் தண்ணி கொடுத்தார், மகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சித்ரகலா போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். இளவரசன் வேங்கைமாறன் வாளை உருவுகிறான், எதிரே வேங்கைவேலன் நிற்கிறான், வேழவேந்தன் ஓடி வந்து நடுவில் நிற்கிறான் என்று போகிறது.

"இரு இரு" என்றார் மயிலாத்தாள். "வாளை எடுத்தவன் ஆரு?"

"வேங்கைமாறன்மா. நம்ம இளவரசன்."

"அவனோட அப்பன்?"

"வேந்தமாறன்."

"எதுத்தாப்ல நிக்கறவன்?"

"வேங்கைவேலன். அவன் எதிரி."

"ஒரே மாரி பேரா இருக்குதே. பங்காளியா?"

"இல்லம்மா, அவன் வேற நாட்டுக்காரன்."

"வேற நாட்டுக்காரன் எதுக்கு இவங்க பேரை வெச்சிருக்கறான்?"

சித்ரகலா போனில் விரலைத் தள்ளினாள். அடுத்த பாராவைப் படித்தாள். அம்மா மறுபடியும் நிறுத்தி, செத்தது எந்த வேங்கை என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கடலை முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாயில வந்ததைப் படிக்கற. ஒருத்தன் பேரு ஒருத்தனுக்கு மாறி மாறி வருது. நெசமா ஒரு கதை இருந்தா எனக்குப் புரியாதா? எத்தனை கூத்து விடிய விடியப் பாத்திருக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களுமாங்க இவளோட சேர்ந்துட்டுப் பேசறீங்க? சாமி கும்பிடற ஆளாட்டம் தெரியுதே" என்றார்.

"கதைதானுங்க, நான் சத்தியமா..." என்று இழுத்தேன். அதற்கு மேல் என்ன சொல்ல? எனக்கும் எந்த வேங்கை செத்தது என்று தெரியவில்லை. நான் ஐந்தாவது வரை எழுத்துக் கூட்டிப் படித்தவள், புரியாதது என் குறை என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சித்ரகலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமாநல்லூர் தாண்டியதும், "கதை எங்கதைதான். அதைச் சொல்லத் தெரியலையே அக்கா எனக்கு" என்றாள். நான் கந்தா, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழியைக் காட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கேட்டது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். சில வாரம் கழித்து டீ டைமில் அவளுக்கு ஒரு போன் வந்தது. சென்னையிலிருந்து சுரேந்தர் என்று ஒருவர். கதைகளைக் குரலில் பேசிப் பதிவு செய்து போனில் கேட்க விடுகிற கம்பெனிக்காரர். எனக்கும் கேட்கட்டும் என்று சித்ரகலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், உங்க கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்தத் தடவை ராஜா கதை ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கப் போறோம். உங்களுதா, இன்னொருத்தரோடதான்னு பார்த்துட்டிருக்கோம். ஆனா ஒரு சிக்கல்."

"சொல்லுங்க சார்."

"பேருதான் மேடம். படிச்சுப் பார்க்கச் சொன்னா, எங்க குரல் கொடுக்கறவரே மூணு இடத்துல நிறுத்திட்டார். கண்ணால படிக்கறவங்க குழம்பினா மேல போய்ப் பார்த்துக்குவாங்க. காதால கேக்கறவங்க கை வேலையா இருப்பாங்க. பேரைக் கேட்ட உடனே ஆள் கண்ணு முன்னாடி வரணும். முதல் பகுதியை மட்டும் பேரை மாத்தி இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பறீங்களா?"

கை வேலையாக இருப்பார்கள் என்றதும் சித்ரகலா என்னைப் பார்த்தாள். குன்னத்தூர் வாசலில் கடலை உரிக்கிற கைதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கேட்கத் தெரியுமே.

அன்றிலிருந்து அவளுக்குப் பேர் தேடுகிறதே வேலை. தைக்கும்போதும் அதே, சாப்பிடும்போதும் அதே. முதலில் பழைய பேருக்குப் பதிலாக வேறு வீரப் பேராக வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒட்டவில்லை. வீட்டில் ஒரு நாள் காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டே எதிரி நாட்டு ராஜாவுக்குத் தாமரைக்கோன் என்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். செந்தில்வேல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "அந்த நாட்டுல கொளம் இருக்குதா?" என்று கேட்டாராம்.

"இல்லீங்க. அது உப்புக்காடு. குடிக்கவே தண்ணி கெடையாது."

"அப்ப தாமரைப்பூவை ஆரு பாத்தாங்க அங்க? பாக்காத பூவை எப்படிப் புள்ளைக்குப் பேரா வெப்பாங்க?"

அவர் சும்மா கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றிருக்கிறாள். அன்றைக்கு என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா, கோயிலில் திரை விலகும்போது ஜனங்கள் முகம் இருக்குமே, அப்படி.

அதற்குப் பிறகு அவள் பேரைத் தேடவில்லை. ஒவ்வொரு குடும்பமும் எங்கே குடியிருக்கிறது, எதைக் காவல் காக்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று யோசிக்க ஆரம்பித்தாள். பெரிய ஏரிக்கு ஏழு மதகு என்று வைத்தாள். நாட்டுக்கு ஏழ்மதகு என்று பேராயிற்று. முதல் மதகைக் காவல் காக்கிற குடும்பம் தலைமதகார். தண்ணீர் முதலில் அவர்களுக்கு வருவதால் கொஞ்சம் திமிரு. கடைசியில் இருக்கிறவர்கள் கடைமதகார். தண்ணீர் வருமா வராதா என்று எப்போதும் அண்ணாந்து பார்க்கிறவர்கள். குடும்பப் பேரைச் சொன்னதும் யார் எப்படி என்று தெரிந்துபோகிறது. எதிரி நாட்டுக்காரர்கள் உப்பு ஏற்றிப் பிழைக்கிறவர்கள், உப்பேற்றியார். அவர்கள் தலைவன் உவரன். அவன் மகள் சிப்பி. உவரன் என்றதும் எனக்கு நாக்கில் உப்புக் கரித்தது, சத்தியமாகச் சொல்கிறேன். குதிரைக்காரனுக்கு முதலில் நீளமான பேர் வைத்திருந்தாள். "அவனை நாளெல்லாம் கூப்பிடுவாங்க, நீளமா இருந்தா கூப்பிடறவங்களுக்கு மூச்சு வாங்குமுங்க" என்று சடையன் ஆக்கிவிட்டாள். ராஜாவைப் பெற்ற கிழவி உயரமானவள், அதனால் நெடியாத்தி.

இளவரசனுக்குக் கொற்றன் என்று வைத்தாள். அது அவனுடைய தாத்தா பேர். நம் பக்கத்தில் பேரனுக்குத் தாத்தா பேர் விடுவதில்லையா, அதே முறை.

எனக்கு இதெல்லாம் கேட்கக் கேட்க நம் முருகனைத்தான் நினைக்கத் தோன்றியது. நாணல் பொய்கையில் பிறந்ததற்கு ஒரு பேர், கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததற்கு ஒரு பேர், மலைக்குகைக்குள் இருப்பதற்கு ஒரு பேர். அர்ச்சனை செய்யும்போது பேரைச் சொன்னாலே அவன் பட்டது எல்லாம் வந்துவிடுகிறது.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்கள். இந்தத் தடவை யாரும் யார் அது, எவன் அவன் என்று கேட்கவில்லை. பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற மருதாள் தலைமதகார் வந்தாலே "வந்துட்டானுக பாரு" என்று உச்சுக்கொட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது கதையில் ராணி அரண்மனை மாடத்தில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிறாள். கொற்றா, அடே கொற்றா, ஓடாதே, சாப்பிட வாடா.

மருதாளுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

"ஏனம்மிணி, கொற்றன்கிறது அந்தப் பையனோட தாத்தன் பேருதான?"

"ஆமாங்க."

"அப்ப ராணிக்கு அது மாமனாரு பேரு. மாமனாரையே வாடா போடாங்கறாளே உம்பட ராணி! அந்த மாமியாக்காரி நெடியாத்தி சும்மாவா உட்டுட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். சித்ரகலாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அது ராசா ஊடுங்க. அரமனைக்காரங்களுக்கு இதெல்லாம் கெடையாதுன்னு நெனைச்சேன்."

"ஏன், அரமனைல மாமனாரு இல்லையா? உம்பட பையனுக்குக் கோயில்ல வெச்சு என்ன பேரு உட்டீங்க, சொல்லு பாக்கலாம்."

"பள்ளிக்கோடத்துல குகன்."

"அது பள்ளிக்கோடத்துப் பேரு. நான் கேட்டது கோயில்ல உட்ட பேரு. சொல்லு அம்மிணி, வாயத் தொற."

சித்ரகலா வாயைத் திறந்தாள், மூடினாள். காது வரைக்கும் சிவந்துபோயிற்று. அவள் மாமனார் பேர் கிட்டுசாமி, மகனுக்கும் கோயிலில் அதையே விட்டிருந்தார்கள். நான் சொல்லலாம், எனக்கு என்ன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அந்தப் பேர் வந்ததில்லை, மகனைத் தம்பி தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"சொல்ல மாட்டாளே! கதை எழுதறவளே சொல்ல மாட்டீங்கறா, ராணி மட்டும் சொல்லுவாளாமா?" என்று மருதாள் தொடையில் தட்டிச் சிரித்தாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பீகார்ப் பெண், சிரிப்பு எதற்கு என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, "எங்க ஊர்லயும் அப்பிடித்தான் அக்கா. மாமனார் பேர், வீட்டுக்காரர் பேர் சொல்றதில்ல" என்று தன் தமிழில் சொன்னாள். அந்தப் பெண் சொன்னதும் சிரிப்பு இன்னும் ஏறியது. ஆனால் சித்ரகலா அவளையே பார்த்தபடி இருந்தாள்.

பெல் அடித்தது. கை கழுவுகிற இடத்தில் சித்ரகலா என்னிடம் சொன்னாள். "நாளைக்கு அனுப்போணுங்க்கா. இனி மாத்துனா அந்தச் சீன் பூராவும் மாறும். இப்படியே அனுப்பிப் போட்டறேன். சென்னையில இருக்கறவங்க இதையெல்லாமா பாக்கப் போறாங்க?"

மருதாள் பின்னாலேயே நின்றிருக்கிறாள். அவள் கிண்டல்காரி, மனசு வெல்லம். "ஏம்புள்ளே, சென்னைக்காரங்க கேக்கோணும்னா இத்தனை பாடு படற? உங்கம்மா கேக்கோணும்னுதான? உங்கம்மா கட்டுனவரு பேரை, உங்க ஐயன் பேரை, ஒருநாளாச்சும் சொல்லிக் கேட்டிருக்கறயா? அந்த ராணி கொற்றாங்கற எடத்துல அது போனை மூடி வெச்சுட்டு எந்திரிச்சுரும்."

சித்ரகலா கையைத் துடைத்துக்கொண்டாள். நேராகச் சூப்பர்வைசரிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள். ஷிப்மெண்ட் நேரத்தில் லீவா என்று அவர் முறைத்தார். அவள் பங்கு பீஸை நான் ஓட்டுகிறேன் என்று மருதாள் குறுக்கே வந்து நின்றதால் விட்டார்.

வீட்டுக்குப் போனவள் என்ன செய்தாள் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ராணியை மாடத்தில் நிற்க வைத்து, நீ உன் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். மழை கொட்டுகிற நாளில் பிறந்தவன், ஏரி நிரம்பிய வருஷம். மழையன் என்று கூப்பிட்டாளாம் ராணி. அந்தப் பேர் வந்ததும் கதையே வேறு பக்கம் திரும்பிவிட்டது. எதிரி உவரனின் ஆட்கள் கொற்றன் என்கிற பையனைப் பிடிக்க அரண்மனைக்குள் புகுந்து தேடுகிறார்கள். ராணி பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மழையா வாடா என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கண் முன்னாலேயே நடந்து போகிறாள். இது யாரோ வேலைக்காரி மகன் என்று வழிவிட்டு நிற்கிறார்கள். கொற்றா என்று ஒருவன் பின்னாலிருந்து கூவிப் பார்க்கிறான். பையன் திரும்பவே இல்லை. அம்மா அவனை அந்தப் பேரில் கூப்பிட்டதே இல்லையே.

இதை எனக்குச் சொன்னபோது என் கையில் இருந்த பீஸ் அப்படியே நின்றுவிட்டது. முருகா, ஒரு பேரைச் சொல்லாமல் இருந்ததே ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதே என்று இருந்தது.

சொன்ன நாளில் அனுப்பிவிட்டாள். பதில் வருகிற வரைக்கும் டீ டைமில் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை சுரேந்தர் கூப்பிட்டார்.

"மேடம், அந்த மழையன் எப்ப வந்தான்? போன தடவை கதையில இல்லையே?"

"அவங்கம்மா கூப்பிட்டாங்க சார், வந்துட்டான்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "எங்க குரல்காரர் இந்தத் தடவை ஒரு இடத்துலகூட நிறுத்தலை. உங்க கதையையே எடுக்கறோம். மத்த பகுதியையும் இதே மாதிரி மாத்திக் கொடுத்துடுங்க." அவர் இன்னும் என்னவோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. மருதாள் போட்ட சத்தத்தில் கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கதை போனில் வந்த பிறகு மறுபடியும் குன்னத்தூர் போனோம். நான் துணைக்குத்தான். மயிலாத்தாள் அன்றைக்கும் கடலைதான் உரித்துக்கொண்டிருந்தார். மகள் போனை எடுத்ததும், "திலும்ப ஆரம்பிச்சுட்டயா?" என்றார்.

"நான் படிக்கலைம்மா. நீ பாட்டுக்கு வேலையப் பாரு. சும்மா காதுல வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனைக் கடலை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதலில் மத்தளச் சத்தம் வந்தது. பிறகு நல்ல கணீரென்ற குரலில் ஒருவர் கதையின் பேரைச் சொல்லி, எழுதியவர் நெருப்பெரிச்சல் சித்ரகலா செந்தில்வேல் என்றார்.

"உம்பேரை ஆரு சொன்னது?" என்று மயிலாத்தாள் நிமிர்ந்தார்.

"சென்னையில ஒருத்தரும்மா."

"உன்னைய அவருக்குத் தெரியுமா?"

"கதைய அவருக்குத் தெரியும். கேளும்மா."

கேட்டார். தலைமதகார் வந்தார்கள், கடைமதகார் வந்தார்கள். மயிலாத்தாள் எதையும் நிறுத்திக் கேட்கவில்லை. நெடியாத்தி மருமகளைக் குத்திப் பேசுகிற இடத்தில் "அட சனியனே" என்று முணுமுணுத்தார். உவரனின் ஆட்கள் கொற்றன் எங்கே என்று கதவை உடைத்தபோது கடலை உரிக்கிற கை நின்றது. ராணி மழையா என்று கூப்பிட்டாள். மயிலாத்தாள் போனை நோக்கிக் குனிந்து, "திலும்பிறாத சாமி, திலும்பிறாத" என்றார். போனுக்குள் இருக்கிற பையனிடம்தான் சொன்னார்.

பையன் திரும்பவில்லை. அம்மாவோடு காட்டுக்குள் போய்விட்டான். கதை அதோடு நின்றது.

"அப்பறம்?"

"அடுத்த வாரம்தாம்மா வரும்."

"அடுத்த வாரமா? அதுவரைக்கும் அந்தத் தாயும் புள்ளையும் சோத்துக்கு என்ன பண்ணுவாங்க காட்டுல?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, மகள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தார். "இதையா அத்தனை நாளு ஒக்காந்து எழுதிட்டிருந்த?"

"இதத்தாம்மா."

"இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? அன்னிக்கு அப்படிச் சிரிச்ச?"

"சிரிக்கற எடம் பின்னால வருதும்மா. அந்தக் குதிரைக்காரன் சடையன் இருக்கறானே, அவன் பண்ற கூத்து."

மயிலாத்தாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வேலி ஓரம் போய், "ஏய், இங்க வா, எம்புள்ள கதை போன்ல வருது, வந்து கேளு" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அன்றைக்கு ஒரு வார்த்தையைப் போட்டாளே, அவளைத்தான். அவளும் வந்து உட்கார்ந்தாள். முதலிலிருந்து மறுபடியும் போட்டோம். சித்ரகலா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள். வர நேரமாயிற்று. நான் கூப்பிடப் போகவில்லை.

இப்போது வாராவாரம் கதை வருகிறது. எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தைக்கிறார்கள். மயிலாத்தாள் கேட்டு முடித்த கையோடு மகளுக்குப் போன் பண்ணுவார். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் வந்த போனை எல்லாரும் கேட்டோம். காட்டில் ராணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதுதான் விவகாரம்.

"அந்தக் கொழந்தைக்கு என்ன பேரு வெக்கப் போற?"

"மொறைப்படி அப்பாயி பேருதான வெக்கோணும்மா. நெடியாத்தி."

"அந்தக் கெழவி பேரையா? மருமவளை அந்தப் பாடு படுத்துனவ. கூடவே கூடாது."

"பின்ன என்னம்மா பண்றது? வெக்காம உட்டா ஒறம்பரை சனம் பேசாதா?"

"ஆமா, பேசும்" என்றார் மயிலாத்தாள். "சரி, வெச்சுத் தொலை. ஆனா மாமியா பேரை அந்த ராணிப்புள்ளை எப்படிக் கூப்பிடும்? கூப்பிடறதுக்கு ஒரு பேரு வேணுமல்லோ?"

"வேணும்மா. நீயே ஒண்ணு சொல்லேன்."

மருதாள் சோற்றுக் கையோடு போன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பீகார்ப் பெண்ணும் வந்தாள்.

"அவசரப்படுத்தாத. பொறந்த புள்ளைக்குப் பேரு வெக்கறதுன்னா சும்மாவா? கறுப்பா செவப்பா, ஆராட்டம் இருக்குதுன்னு மொதல்ல சொல்லு" என்றார் மயிலாத்தாள்.

சித்ரகலா சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, குழந்தை யார் மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.